நோட்டில் இருப்பது யார் கையெழுத்து?

வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி ஃபீஸ் பற்றியும் யூனிஃபார்ம் பற்றியும் இருக்கும். ஆகஸ்ட் பிறந்தால் வீட்டுப்பாடம். வருஷா வருஷம் இதே கதைதான் என்பதால் இந்த இதழில் வேறு எதையும் எடுக்காமல் வீட்டுப்பாடக் கடிதங்களை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்துநாலு வருஷம் தொடக்கப் பள்ளியில் வீட்டுப்பாடம் கொடுத்தவள் நான். கொடுத்ததில் பாதி தேவையே இல்லாதது என்று ரிட்டயர் ஆன பிறகுதான் தோன்றியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்க வேண்டாம்.

கேள்வி: டீச்சர், என் மகன் இரண்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தினமும் நாலு கோடு நோட்டில் இரண்டு பக்கம், தமிழ் இரட்டைக்கோடு நோட்டில் ஒரு பக்கம், பத்துக் கணக்கு, இது போக ஈ.வி.எஸ். கேள்வி பதில் மனப்பாடம். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதரை ஆகிறது, அதற்குள் அவன் நாலு தடவை அழுகிறான், நான் இரண்டு தடவை அடித்துவிடுகிறேன். போன வாரம் முடிக்காமலே தூங்கிவிட்டான். நானே இடது கையால் எழுதி வைத்தேன், அப்படியே அவன் எழுத்து மாதிரி இருந்தது. இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: இடது கை விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் டீச்சருக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், மூன்றாம் வகுப்பு. அவன் நோட்டில் பாதிப் பக்கம் வரைக்கும் ‘ழ’வின் கீழ்ச்சுழி உள்ளே மடங்கி நிற்கும், அதற்குக் கீழே அதே ‘ழ’ வாலை நீட்டிக்கொண்டு ஓடும். மேல்பாதி பையன், கீழ்ப்பாதி அவன் அக்கா. அந்த அக்காவும் என்னிடம் படித்தவள்தான், அவள் ழகரம் எனக்கு அத்துப்படி. அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? இவனால் பாதிப் பக்கத்துக்கு மேல் முடியவில்லை என்று புரிந்துகொண்டு மறுநாள் பாதிப் பக்கம் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. டிக் அடித்துத் தேதி போட்டு நோட்டை அடுக்கில் வைத்துவிட்டேன். பிள்ளையால் முடியவில்லை என்ற செய்தி என் மேஜை வரைக்கும் வந்து, நான் படிக்காமல் திருப்பி அனுப்பினேன். உங்கள் வீட்டில் அந்தச் செய்தி கிளம்பவே இல்லை, நீங்கள் இடது கையால் அழித்துவிட்டீர்கள்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் ஓர் உத்தரவு போட்டார். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது, மற்ற பாடத்திட்டப் பள்ளிகளிலும் அப்படியே நடக்க மாநில அரசுகளுக்கு மத்திய அரசு சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். குழந்தைகள் பளு தூக்கும் வீரர்கள் இல்லை என்று புத்தகப் பையைப் பற்றி அதில்தான் சொன்னார். அதே வருஷம் நவம்பரில் மத்திய கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அப்புறம் 2020-இல் புத்தகப்பைக் கொள்கை என்று ஒன்று வந்தது, அதில் வீட்டுப்பாடத்துக்கும் கணக்கு இருக்கிறது: இரண்டாம் வகுப்பு வரை கிடையாது; 3 முதல் 5 வரை வாரத்துக்கு, கவனியுங்கள், வாரத்துக்கு 2 மணி நேரம்; 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம்; அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று மறுநாள் வகுப்பில் பேசினால் போதும் என்றே எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகன் இரண்டாம் வகுப்பில் எழுதுவது ஒன்பதாம் வகுப்புக்காரன் அளவையும் தாண்டிவிட்டது.

இது புதுசும் இல்லை. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றி அங்கே பேசினார். அப்புறம் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1993-இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கை, தொடக்க வகுப்புகளுக்கு வழக்கமான வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி ஏதாவது கொடுத்தால் போதும் என்றது. பையின் கனத்தைவிடப் புரியாத பாடத்தின் கனம்தான் பெரிது என்றும் சொன்னது. முப்பது வருஷம் தாண்டிவிட்டது, நாலு கோடு நோட்டு இன்னும் மெலியவில்லை.

இதையெல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டு ஸ்கூல் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கொள்கை என்பது வழிகாட்டுதல்தான், காட்டினால் உடனே நடுங்குகிற பிரின்சிபாலை நான் பார்த்ததில்லை. இன்றைக்கு ராத்திரி இப்படிச் செய்து பாருங்கள். அரை மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் எழுதட்டும், எங்கே நிற்கிறானோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. டைரியில் உங்கள் வலது கையால், “இன்று முப்பது நிமிடம் எழுதினான், இதற்கு மேல் முடியவில்லை, தூங்க வைத்துவிட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கோபம் வேண்டாம், விளக்கம் வேண்டாம், அவ்வளவுதான். இரண்டு வாரம் தொடர்ந்து எழுதுங்கள். ஒருத்தர் டைரியில் வந்தால் அது அந்தப் பையனின் பிரச்சினை. அதே வகுப்பில் அஞ்சு அம்மாக்கள் டைரியில் வந்தால் டீச்சர் மேலிடத்தில் காட்ட ஓர் ஆதாரம் கிடைக்கிறது. டீச்சருக்கே பல சமயம் அப்படி ஒன்று தேவைப்படும், கீழே ஒரு டீச்சரின் கடிதம் இருக்கிறது, பாருங்கள்.

அடிக்கிறதை நிறுத்துங்கள். அதற்குத் தனியாக விளக்கம் சொல்லப் போவதில்லை.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரைக்குத்தான் விடுவார்கள். என் மகள் ஆறாவது, இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டேன். வீட்டுப்பாடத்தில் டவுட் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அம்மா சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் சாரிடமே டியூசன் சேர்க்கலாமா? மாசம் ஆயிரம் ரூபாய் கேட்கிறார். (ஒரு தாய், திருப்பூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது, நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ: “அம்மா சொல்ல சொல்ல நான் எழுதினேன், தப்பு இருந்தா நான் தான்.” ஒற்றுப்பிழை ஒன்று இரண்டு தவிர இரண்டு பக்கத்தில் தப்பே இல்லை. பேசுவதைக் கேட்டு, அதை வாக்கியமாக்கி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பத்தி பிரித்து எழுதியிருக்கிறாள். ஆறாம் வகுப்பில் இதைவிடப் பெரிய வீட்டுப்பாடத்தை யாராலும் கொடுக்க முடியாது, நீங்கள் கொடுத்து அவள் முடித்தும்விட்டாள். மதிப்பெண் கேட்டால் நான் பத்துக்கு ஒன்பது போடுவேன், ஒன்று ஒற்றுக்கு.

உங்களுக்குத் தெரியாதது ஒரு குறையே இல்லை. தெரிந்த அம்மாக்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள், மேலே ஈரோட்டுக் கடிதத்தைப் பாருங்கள். நீங்கள் வேலை முடிந்து வந்து சாப்பிடும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்றைக்கு சயின்ஸில் என்ன நடத்தினார்கள், எனக்குத் தமிழில் சொல்லு என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற வரைக்கும் சொல்லட்டும். நிஜமாகவே புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள், அவள் வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பாள். எங்கே அவளே தடுமாறுகிறாளோ அந்த இடம்தான் அவளுக்குப் புரியாத இடம், அதை நோட்டின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு மறுநாள் டீச்சரிடம் கேட்க வேண்டும். எட்டாவது படித்த அம்மா இதை நன்றாகவே செய்யலாம், படிக்காத பாட்டியும் செய்யலாம்.

டியூசன் விஷயம். கல்வி உரிமைச் சட்டம் 2009, அதில் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் யாரும் தனி டியூசன் எடுக்கக் கூடாது என்கிறது. ஊரில் நடக்கிறதா என்றால் நடக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் பகலில் அவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சாயங்காலம் ஆயிரம் ரூபாய்க்கு விற்றால், பகலில் ஏன் முழுசாகச் சொல்லப் போகிறார்? அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் அரசு ஆரம்பித்த இல்லம் தேடிக் கல்வி மையம் உங்கள் பக்கத்தில் இப்போதும் நடக்கிறதா, ஆறாம் வகுப்பைச் சேர்ப்பார்களா என்று அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள், சாயங்காலம் தன்னார்வலர்கள் நடத்துவது, காசு கிடையாது. இல்லையென்றால் அதே காம்பவுண்டில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிற பெண் யாராவது இருப்பாள், இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். நீங்கள் வருகிற வரைக்கும் தனியாக இருக்கிறாளே, அதற்கும் ஒரு துணையாச்சு.

கேள்வி: ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ்: நாளைக்கு எரிமலை மாடல் கொண்டு வர வேண்டும். ஃபேன்ஸி ஸ்டோர்காரரை வீட்டில் போய் எழுப்பித் தெர்மாகோல் வாங்கினேன். இது யாருக்கு ப்ராஜெக்ட்? (தந்தை, தாம்பரம்)

பதில்: ஃபேன்ஸி ஸ்டோர்காரருக்கு. மற்றபடி ஒரு எரிமலைக்கும் தெர்மாகோலுக்கும் பெவிக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் தலைவர்கள் படம், விலங்குகள் படம் என்று சீட்டாகவே அச்சடித்து விற்பார்கள், கத்தரித்து ஒட்டினால் ப்ராஜெக்ட். ஒரு தடவை வீட்டு விலங்குகள் ஒட்டச் சொன்னேன், நாற்பது நோட்டிலும் ஒரே பசு, ஒரே நாய், ஒரே இடத்தில் கோணலாக வெட்டிய அதே வால். வீட்டில் மாடு வைத்திருந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் கூட அந்தப் பசுவைத்தான் ஒட்டினார்கள்.

அடுத்த தடவை மெசேஜ் வந்தால், “கடை மூடிவிட்டது, வீட்டில் இருப்பதை வைத்துச் செய்து கொண்டு வருவாள்” என்று பதில் போட்டுவிட்டு, களிமண்ணோ கோதுமை மாவோ கொடுத்து அவளைச் செய்ய விட்டுவிட்டு நீங்கள் தூங்குங்கள். கோணலாக வரட்டும், மேலே ஓட்டை இருந்தால் அது எரிமலைதான்.

கேள்வி: நான் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு கணக்கு எடுக்கிறேன். வீட்டுப்பாடம் குறைத்தால் பெற்றோரே வந்து, பக்கத்துப் பள்ளியில் மூன்று பக்கம் தருகிறார்கள், நீங்கள் ஏன் தருவதில்லை என்கிறார்கள். நிர்வாகமோ நோட்டில் சிவப்பு மை எங்கே என்கிறது. இரண்டு வகுப்புக்கும் சேர்த்து 84 நோட்டு. எங்களைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதுங்கள். (ஓர் ஆசிரியை, சேலம்)

பதில்: எழுதிவிட்டேன். 84 நோட்டு, ஒரு நோட்டுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் 1 மணி 24 நிமிஷம். ஒரு நிமிஷத்தில் மூன்று பக்கம் கணக்கில் பிள்ளை எங்கே சறுக்கினான் என்று யாராலும் பார்க்க முடியாது, டிக்தான் அடிக்க முடியும். டிக் அடிக்கிறதற்காக டீச்சரும், டிக் வாங்குவதற்காக அம்மாவும் ராத்திரி கண்விழிக்கிறார்கள், நடுவில் பிள்ளை தூங்கி வழிகிறான். பெற்றோரைத் திட்டியும் பிரயோஜனமில்லை. நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ஃபீஸ் கட்டுகிறவர்களுக்குப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஜன்னல் இல்லை, அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரே சரக்கு நோட்டில் நிறைகிற பக்கம்தான். அதனால் பக்கத்தை எண்ணுகிறார்கள்.

பக்கத்துப் பள்ளி வாதத்துக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்கிற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் வீட்டுப்பாடம் பற்றி அங்கே நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2006-இல் எழுதினார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து மேலே வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ஓரளவு தொடர்பு தெரிகிறது, தொடக்க வகுப்புகளில் அது ரொம்பப் பலவீனம் என்பதுதான் அவர்கள் கண்டது. அங்கே புழங்குகிற கணக்கு, எந்த வகுப்போ அதைப் பத்தால் பெருக்கு, அத்தனை நிமிஷம் என்பது. மூன்றாம் வகுப்புக்கு முப்பது நிமிஷம், அதுவும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. இன்னொன்றும் சொல்லுங்கள். பல நாட்டுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கிற பீசா தேர்வு 2012-இல் நடந்தபோது பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: சீனாவின் ஷாங்காயில் வாரத்துக்கு சுமார் 14 மணி நேரம் வீட்டுப்பாடம், பின்லாந்தில் 3 மணி நேரம்கூட இல்லை. ஷாங்காய் அந்தத் தேர்வில் முதல் இடம், உண்மைதான். ஆனால் பின்லாந்தும் கடைசியில் போய் நிற்கவில்லை, முன்வரிசையில்தான் இருந்தது. அந்தச் சீனாவே 2021-இல் இது தாங்காது என்று, ஒன்று இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடம் வேண்டாம், மற்ற தொடக்க வகுப்புகளுக்கு 60 நிமிஷத்துக்கு மேல் கூடாது என்று விதி போட்டது.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன், நான் கடைசி நாலைந்து வருஷம் செய்தது. மூன்றே மூன்று கணக்கு கொடுங்கள். மூன்றாவது கணக்கைப் பிள்ளையே உண்டாக்க வேண்டும், அன்றைக்கு வீட்டில் நடந்ததிலிருந்து. ஒரு பையன் எழுதி வந்தான்: “அப்பா 200 ரூபாய் கொடுத்தார். கறி 180. மீதி 20. நான் 5 ரூபாய்க்கு மிட்டாய் வாங்கினேன். அம்மாவிடம் 15 தான் மீதி என்றேன். கறி எவ்வளவு என்று அம்மா கேட்டால் எவ்வளவு சொல்ல வேண்டும்?” இதற்குச் சிவப்பு மையில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். கடைசியில் 185 என்று எழுதிவிட்டு, கீழே “நாளை என்னை வந்து பார்” என்று எழுதினேன்.

கேள்வி: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செல்லம் அதிகம். நாங்கள் நூறு தடவை இம்போசிஷன் எழுதித்தான் ஆளானோம். ஹோம்வொர்க் செய்தால் உயிரா போய்விடும்? (ஒரு தாத்தா, கும்பகோணம்)

பதில்: ஐயா, கொஞ்சம் ஒத்துக்கொள்கிறேன். வாய்ப்பாடு, எழுத்துப் பயிற்சி, இவையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும், புரிந்துவிட்டது போதும் என்று விட்டால் பதினாறு எட்டு எவ்வளவு என்று கேட்டால் ஆறாம் வகுப்பில் விரல் விடுவான். ஆனால் நீங்கள் வாய்ப்பாட்டை எழுதினீர்களா? திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுக் கத்திச் சொன்னீர்கள், கால் மணி நேரத்தில் முடிந்தது, விளக்கு வைப்பதற்குள் கோலிக்குண்டு ஆடப் போய்விட்டீர்கள். அதற்கும் முன்னால் திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் சாயங்காலம் விடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ ஓர் ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார்களாம், மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வீட்டுப்பாடம். ஒரு சொல்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நீங்கள் இம்போசிஷன் எழுதவில்லையென்றால் அடி வாங்கியது நீங்கள், உங்கள் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. இன்றைக்கு உங்கள் பேரன் எழுதவில்லையென்றால் உங்கள் மருமகளுக்கு மெசேஜ் வருகிறது. அவள் ஆபீஸ் விட்டு வந்து, குக்கரை வைத்துவிட்டு, விசில் எண்ணிக்கொண்டே ஹிந்தி எழுத்துக் கூட்டுகிறாள், தான் படிக்காத பாஷையை. செல்லம் அதிகமா என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். வாய்ப்பாட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் நடக்கப் போகும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டே போங்கள்.

கேள்வி: வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று என் மகளை (நாலாம் வகுப்பு) இரண்டு பீரியட் வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தார்கள். கேட்டால் எல்லோருக்கும் இதுதான் ரூல் என்கிறார்கள். (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: அந்த ரூல் செல்லாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை உடலளவிலும் மனத்தளவிலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது, மீறினால் துறை நடவடிக்கை உண்டு. தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், தேதி, பீரியட், யார் என்று எழுதி நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் கல்வித் துறை உதவி எண் 14417, சிறார் உதவி எண் 1098. முட்டி போட்டது மகள் என்றாலும், போன் செய்யுமுன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மறுநாள் அதே வகுப்பில் அவள்தானே உட்காரப் போகிறாள்.

கேள்வி: டீச்சர், நான் ஒன்பதாம் வகுப்பு. சோசியல் கேள்விகளுக்கு சாட்ஜிபிடியில் கேட்டு எழுதினால் தப்பா? எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. சார் டிக் போடுறார். (மாணவன், மதுரை)

பதில்: தம்பி, உண்மையைக் கேட்டதற்கு முதலில் ஒரு சபாஷ். உங்கள் அப்பா காலத்தில் நோட்ஸ் வாங்கிப் பார்த்து எழுதினார்கள், அதற்கும் டிக் போட்டார்கள். ஆனால் ஒன்று, நோட்ஸைப் பார்த்து எழுதினால் கை வலிக்கும், வலிக்கிறதற்குள் நாலு வரியாவது தலையில் ஏறும். நீ எழுதுவதற்கும் கை வலிக்கிறதுதானே? அப்படியென்றால் வேலை மிச்சமில்லை, யோசனைதான் மிச்சம். தேர்வு ஹாலில் மிச்சமானதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

சார் கண்டுபிடிக்க மாட்டார் என்றும் நினைக்காதே. மதுரையில் ஒன்பதாவது படிக்கிற எந்தப் பையனும் மூன்றாவது பத்தியை “ஒட்டுமொத்தமாகப் பார்க்கும்போது” என்று தொடங்க மாட்டான். சாருக்கு 84 நோட்டு, அதனால் டிக். அவ்வளவுதான்.

முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் உன் பதிலை நீ எழுது, தப்போ சரியோ. அப்புறம் அதனிடம் காட்டி, இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேள். அது சொன்னதைப் புத்தகத்தில் தேடிப் பார், புத்தகத்தில் இல்லாததை ரொம்ப நம்பிக்கையாக அடித்துவிடுகிற பழக்கம் அதற்கு உண்டு. எனக்கே ஒரு தடவை எங்கள் ஊர்க் கோயிலில் இல்லாத ஒரு மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தது. கேள்வி ரொம்ப அதிகமாகக் கொடுத்து நேரமில்லாமல்தான் இப்படிச் செய்கிறாய் என்றால், ஐந்தில் மூன்றை நீயாக எழுது, மற்ற இரண்டுக்கு இடம் விட்டு, நேரமில்லை சார் என்று சொல். திட்டு விழும். வாங்கிக்கொள்.

கேள்வி: என் பேத்தி மூன்றாம் வகுப்பு. அவள் ஹோம்வொர்க் செய்கிறாள் என்று என் மருமகள் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் டிவியை அணைத்துவிடுகிறாள். நான் பார்க்கிற சீரியல் எல்லாம் அந்த நேரத்தில்தான். இது நியாயமா? (ஒரு பாட்டி, திருச்சி)

பதில்: அம்மா, முதல் பதிலில் சொன்ன கணக்கை மருமகளிடம் காட்டுங்கள். மூன்றாம் வகுப்புக்கு வாரத்துக்கு 2 மணி நேரம், அஞ்சு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 24 நிமிஷம். ஏழு மணி சீரியலை விட்டுக்கொடுத்துவிடுங்கள். ஏழரை மணி சீரியல் உங்களுக்குச் சேர வேண்டியது, சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.